குட்டி யானையா, தோஸ்தா, பொலிரோவா? லோடு வண்டி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

லோடு வண்டி வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்ல வண்டி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே? பாதிப் பேர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர் "எல்லாம் அடிக்கலாம்ணே, எது கிடைச்சாலும்" என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டம்தான் தேவைக்கு மிஞ்சின வண்டியையோ, தேவைக்குக் காணாத வண்டியையோ வாங்கி மாட்டிக்கொள்வது. வாரத்தில் நான்கைந்து நாள் எந்த எடையை ஏற்றப் போகிறோமோ அந்த எடைக்குத்தான் வண்டி. மாதத்துக்கு ஒருமுறை வரும் பெரிய லோடை மனதில் வைத்து முடிவெடுத்தால், மற்ற நாளெல்லாம் காற்றைச் சுமந்துகொண்டு டீசல் செலவழிப்போம்.

சந்தையில் இருப்பதை மூன்று அளவாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது முக்கால் டன் வகை. 2005-இல் வந்து இந்த வகைக்கே வழி திறந்த டாடா ஏஸ், அதாவது நம்மூர்க் குட்டி யானை. அதோடு மாருதி சூப்பர் கேரி, மகிந்திரா ஜீத்தோ. இரண்டாவது, ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை: ஓசூர்க்காரரான அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வி30, வி50, பொலிரோ பிக்கப்பில் சின்னவை. மூன்றாவது, 1.7 டன்னிலிருந்து 2 டன் வரை: பொலிரோ மேக்ஸ் பிக்கப் எச்.டி., படா தோஸ்த் ஐ4, இன்ட்ரா வி70. இதற்கும் மேலே டாடா 407 என்ற பழைய ராஜா உண்டு. அது வேறு வகுப்பு, வேறு செலவு. வாடகைக்குக் கூப்பிட மட்டும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் எடை. விற்பனைத் தாளில் 1,300 கிலோ என்று கொட்டை எழுத்தில் இருந்தால், அவ்வளவும் உங்கள் சரக்குக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் இரண்டு எண் இருக்கும். ஒன்று வண்டியின் காலி எடை. மற்றது சரக்கு, ஆள், தட்டுமுட்டு எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை. ஷோரூமைவிட்டு வந்த பிறகு நீங்கள் வண்டியில் சேர்க்கும் ஒவ்வொன்றும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தின்னும்.

1,300 கிலோ வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து பின்னால் கூண்டு கட்டுகிறீர்கள். இரும்பு ஆங்கிளும் தகடும் சேர்ந்து 150 கிலோ என்று வையுங்கள். பட்டறைக்காரர் தாராளமாகக் கட்டினால் இன்னும் கூடும். டிரைவர் போக லோடுமேன் ஒருவர், 65 கிலோ. தார்பாய், கயிறு, ஜாக்கி, இறக்குப் பலகை எல்லாம் சேர்ந்து ஒரு 35. ஆக 250 கிலோ போயிற்று, மிச்சம் 1,050. சிமெண்ட் மூட்டைக் கணக்கில் 21. "இருபத்தாறு மூட்டை ஏறும் சார்" என்று கேட்டுவிட்டு வந்த வண்டி, ஒரு மூட்டையும் ஏற்றாமலே ஐந்து மூட்டை இறங்கிவிட்டது. கூண்டு கட்டுமுன் ஒருமுறை, கட்டிய பின் ஒருமுறை எடைமேடையில் ஏற்றி ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சில்லறைச் செலவுதான். ஆனால் அந்த இரண்டு சீட்டும் கையில் இருந்தால் அப்புறம் யாரும் உங்களுக்குக் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

எரிபொருளும் எடையில் கை வைக்கும். சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ ஏற்றலாம். அதே வண்டி சி.என்.ஜி.யில் 625 கிலோதான். போன 115 கிலோவைச் சிலிண்டரும் அதன் கட்டுமானமும் எடுத்துக்கொண்டன. கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறவர்கள், ஒரு நடைக்கு எவ்வளவு குறைவாக ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரக்கின் எடையையும் கண்ணால் அளக்கக் கூடாது. இருபது லிட்டர் தண்ணீர் கேன், கேனோடு சேர்த்து 21 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 750 கிலோ வண்டியில் ஆளும் கம்பித் தட்டும் போக 650 கிலோ மிஞ்சினால் ஏறுவது முப்பது கேன். தெருவில் போகிற குட்டி யானைகளைப் பாருங்கள்: இரண்டு அடுக்கில் அறுபது கேன் நிற்கும். 1,260 கிலோ! வண்டி ஓடத்தான் செய்கிறது, ஓடாமல் இல்லை. எம்-சாண்ட் இன்னும் ஏமாற்றும். கன அடிக்கு 45 கிலோ என்று குறைத்தே வைத்தாலும், கால் யூனிட், அதாவது 25 கன அடி, 1,100 கிலோவைத் தாண்டும். ஈரமாக இருந்தால் இன்னும் மேலே. தட்டில் பார்த்தால் பாதிகூட நிறைந்திருக்காது. "இன்னும் நாலு சட்டி போடு" என்று சொல்ல வைப்பது அந்தப் பாதித் தட்டுதான்.

"பட்டை ஏத்திட்டா தாங்கும்ணே" என்று ஒரு வைத்தியம் எல்லா ஊரிலும் உண்டு. பின்பக்கப் பட்டைக் கட்டில், அதாவது லீஃப் ஸ்பிரிங்கில், கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சேர்ப்பார்கள். வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்கும். பார்க்கத் தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் பட்டையைத் தவிர எதுவும் மாறவில்லை. அதே அச்சு, அதே டயர், அதே பிரேக் டிரம், அதே சேஸிஸ். உட்கார்ந்து எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த வண்டியின் வாயை அடைத்துவிட்டோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு முதலில் சூடாவது பிரேக், முதலில் விரிசல் விடுவது சேஸிஸில் பட்டை தொங்கும் இடம்.

பாரம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் எடை இரண்டு அச்சுக்கும் பங்காகப் போகும். பின் அச்சைத் தாண்டி வால்பக்கம் ஏற்றிய எடை பின்னால் அமுக்குவதோடு முன்சக்கரத்தைத் தூக்கவும் செய்யும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் காரணம் அதுதான். மொத்த எடை அளவுக்குள்ளேயே இருந்தாலும் இது நடக்கும். சிமெண்டையும் டைல்ஸையும் கேபினை ஒட்டி அடுக்கிவிட்டு, இலேசான சாமானைக் கதவுப் பக்கம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். லோடுமேன்கள் இறக்க வசதியாகக் கதவோரமே கனத்தை வைக்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் நம் தலையில். பக்கவாட்டிலோ முன்னே பின்னேயோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 வரும். சின்ன வண்டிக்கு அது எத்தனை நடை வாடகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே சட்டத்தில் லோடு வண்டி வாங்குபவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு எண் 3,000. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்கிறது 66-ஆவது பிரிவு. படா தோஸ்தில் ஐ3 மாடலின் மொத்த எடை 2,990 கிலோவாக இருப்பதன் ரகசியம் இதுதான். அதன் அண்ணன் ஐ4, 3,490 கிலோ. கோட்டுக்கு அந்தப் பக்கம். முதலாவது ஏறத்தாழ 1.4 டன் ஏற்றும், இரண்டாவது 1.86 டன். அந்த 450 கிலோவுக்காகப் பெர்மிட், அதைப் புதுப்பித்தல், அதற்கான அலைச்சல் எல்லாம் கூடவே வரும். தினமும் அந்த 450 கிலோ வாடகையாக மாறுமென்றால் அலைச்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எப்போதாவதுதான் என்றால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கலாம். இரண்டாவது வகையில் பல வண்டிகள் இந்தக் கோட்டுக்குள்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால், கடைக்காரர்கள் அதிகம் பேருக்கு அந்த வகையே சரிப்பட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண எல்.எம்.வி., அதாவது கார் ஓட்டும் இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி பேட்ஜ் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி உறுதி செய்தது. மூன்று வகை வண்டியும் இதற்குள் அடக்கம் என்பதால், வண்டியின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் லைசென்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் அப்படியே: புதிதில் இரண்டு வருடம், அப்புறம் எட்டு வருடம் ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம்.

இனி நீளம். எடை அதிகமில்லாத சரக்குக்காரர்களுக்குக் கிலோவைவிட அடிதான் முக்கியம். மெத்தை, சோபா, பொரி மூட்டை, காலி டிரே ஏற்றுகிறவருக்கு 2 டன் வண்டியின் பட்டை எதற்கு? அவருக்கு வேண்டியது தட்டின் நீளம். குட்டி யானையின் தட்டு 2,200 மில்லிமீட்டர், ஏழேகால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டைப் படுக்கப் போட்டால் பின்கதவு மூடாது. ஜன்னல், கதவு, மாடுலர் கிச்சன் வேலை செய்பவர்கள் குட்டி யானையை வாங்கிவிட்டு வருடக்கணக்கில் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டே ஓட்டுவதைப் பார்க்கலாம். இன்ட்ரா வி30-இல் தட்டு 2,690 மில்லிமீட்டர், ஷீட் சுகமாகப் படுக்கும். பொலிரோ மேக்ஸ் எச்.டி.யில் பெரியதற்கு 3,050, அதாவது பத்தடி. கம்பிக் கடைக்காரர்களுக்கு மட்டும் எந்தத் தட்டும் பத்தாது. முறுக்குக் கம்பி 12 மீட்டர். நடுவில் மடக்கினாலும் இருபதடி. அதற்குப் பிக்கப் சரிவராது, நீள பாடி கட்டிய பெரிய வண்டிதான். கேபினுக்கு மேலே ஏற்றி, வால்பக்கம் சிவப்புத் துணி கட்டிப் போகிறார்களே என்று கேட்காதீர்கள். பின்னால் பைக்கில் வருபவர் இரவில் அந்தத் துணியைப் பார்ப்பார் என்பது வெறும் நம்பிக்கை.

சந்துக்குள் நுழைவது தனிக் கதை. குட்டி யானை 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பும். மதுரை மாசி வீதிகளின் உள்சந்துகளிலோ திருச்சி பெரிய கடைவீதிப் பக்கமோ சரக்கு இறக்குகிறவருக்கு இந்த ஒரு எண் மற்ற எல்லாக் குறையையும் மறக்கடித்துவிடும். பெரிய பிக்கப்பை வைத்துக்கொண்டு தெருமுனையில் நிறுத்தி, தலைச்சுமையாகக் கொண்டு போனால் லோடுமேன் கூலி ஏறிக்கொண்டே போகும். கிராமத்து மண்பாதை என்றால் கதை மாறுகிறது. அங்கே ஏஸின் 12 அங்குலச் சக்கரம் பள்ளத்துக்குள் முழுசாக இறங்கும். பொலிரோவின் 15 அங்குலம் தாண்டிப் போகும். தோட்டத்துக்குள் போய் வாழைத்தாரோ தக்காளியோ ஏற்றுகிறவர்கள் பொலிரோவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழக்கத்தால் மட்டுமில்லை.

மலை ஏறுகிறவர்களுக்கு முக்கியம் முறுக்குவிசை, அதாவது எஞ்சினின் இழுப்பு. ஏஸ் கோல்டு டீசல் எஞ்சின் 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 45 நியூட்டன் மீட்டர். சரக்கோடு வண்டி ஒன்றரை டன்னைச் சற்றுத் தாண்டும். இன்ட்ரா வி50-இல் 1,496 சி.சி., 220 நியூட்டன் மீட்டர். வண்டி மூன்று டன்னுக்குக் கொஞ்சம் கீழே. எடை இரண்டு மடங்குகூட இல்லை, இழுப்பு ஐந்து மடங்குக்குக் கிட்டத்தட்ட. சமவெளியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டி பர்லியார் வளைவுகளில் ஏறும்போதோ, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசியில் பாதி ஏறியபோதோ தெரியும். முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறினால் கிளட்ச் தீயும் வாசனை வரும். இறக்கம் அதைவிட மோசம். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பார்கள் பழைய டிரைவர்கள். சின்ன எஞ்சின் அந்த அளவுக்குப் பிடித்து நிறுத்தாது. மிச்சத்தைப் பிரேக் சுமக்க வேண்டும். நீலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ வாரத்தில் ஒருநாளாவது நடை உண்டென்றால் முக்கால் டன் வகையைப் பார்க்கவே வேண்டாம். எடை அளவுக்குள் இருந்தாலும் வேண்டாம்.

பின்னால் கட்டி இழுப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள், முக்கியமாகக் கட்டட காண்ட்ராக்டர்கள். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 மாதிரி பிக்கப்புகள் தக்க உபகரணத்தோடு ஆறு டன் வரை இழுக்கும். ஆனால் முதுகில் ஏற்றுவது ஒரு டன் சுற்றித்தான். முதுகுச் சுமையில் நம்ம தோஸ்த் அதற்கு மேலே! நம்மூர் விற்பனைத் தாள்கள் ஏற்றும் எடையைப் பற்றித்தான் பேசும். இங்கே இழுக்கிற வேலை டிராக்டருடையது. ஆனாலும் கலவை மெஷினையும் ஜெனரேட்டரையும் குட்டி யானைக்குப் பின்னால் சங்கிலியில் மாட்டிப் போவதைத் தினமும் பார்க்கிறோம். கலவை மெஷினுக்குச் சொந்த பிரேக் கிடையாது. நீங்கள் மிதிக்கும்போது அது நிற்காது, வந்து முட்டித் தள்ளும். இழுக்க எஞ்சின் போதும் என்று நினைப்பவர்கள் நிறுத்துவதை யோசிப்பதில்லை. சங்கிலி கூடவே கூடாது, நிலையான இழுவைக் கம்பி வேண்டும். இழுக்கும் வண்டி, இழுபடுவதைவிட நன்றாகக் கனமாக இருக்க வேண்டும்; தட்டில் கொஞ்சம் சிமெண்ட் இருந்தால் இன்னும் நல்லது. இந்த வேலைக்கு பொலிரோ வகைதான். தினசரி இழுவை என்றால் டிராக்டரே மலிவு.

பணத்துக்கு வருவோம். 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோ 3.99 லட்சம் ஷோரூம் விலையில் தொடங்கியது, ஏற்றும் எடை 750 கிலோ. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த வரியையும் உள்ளீட்டுக் கழிவாக எடுக்கலாம்; ஆடிட்டரைக் கேட்டு, பில்லைக் கடைப் பெயரில் போடச் சொல்லுங்கள். பழைய வண்டி பார்ப்பவர்களுக்கும் இதில் ஒரு பிடி இருக்கிறது. புதுசு விலை இறங்கிய பிறகும் பழைய கணக்கிலேயே விலை சொல்லும் புரோக்கர்கள் உண்டு. புதுசின் இன்றைய ஆன்ரோடு விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சுருதி இறங்கும்.

மின்சார வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். ஏஸ் இ.வி. முதலில் 600 கிலோ ஏற்றும் வண்டியாக வந்தது. 2024-இல் ஒரு டன் ஏற்றும் மாடல் வந்து, சான்றளித்த தூரம் 161 கிலோமீட்டர். பாரத்தோடு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டத்தில் அதைவிடக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஊருக்குள்ளேயே சுற்றி, இரவில் குடோனில் நிற்கும் தண்ணீர் கேன், பால், பேக்கரி வண்டிக்கு அது தாராளம். கிடைத்த வாடகைக்கெல்லாம் போகிற ஸ்டாண்டு வண்டிக்கு ஆகாது. திருச்சியிலிருந்து சென்னைக்கு என்று ஒரு லோடு வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

ஆக, எனக்குத் தோன்றுவது இது. ஊருக்குள், சந்துக்குள், 600 கிலோவுக்குக் கீழே என்றால் முக்கால் டன் வகை. கௌரவத்துக்காகப் பெரியதை வாங்காதீர்கள். ஹார்டுவேர், டைல்ஸ், சிமெண்ட், மளிகை மொத்த வியாபாரம், சுற்று வட்டாரம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் என்றால் 3,000 கிலோ கோட்டுக்கு உள்ளே இருக்கும் இரண்டாவது வகை. அதில் மலை இல்லாதவருக்கு தோஸ்தோ வி30-யோ போதும். மலையோ மண்பாதையோ உண்டென்றால் வி50 அல்லது பொலிரோ. வீட்டுப் பக்கத்தில் எந்தக் கம்பெனி வண்டிக்கு நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்பதை வைத்து அந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்தால்கூடத் தவறில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி என்பது போல, போகும்போது முழு லோடு, ஹைவே ஓட்டம், முடிந்தால் திரும்பும்போதும் லோடு என்றிருப்பவருக்குத்தான் 2 டன் வகை காசைத் திருப்பித் தரும். திரும்பி வரும் நடை காலியென்றால், ஒரு நடையின் வாடகையில் இரண்டு நடையின் டீசல் போகும். அதை எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய வண்டி என்றால் பெயிண்டைப் பார்க்காமல் கீழே குனியுங்கள். பின் பட்டைக் கட்டை எண்ணி, அதே மாடல் வேறு வண்டியோடு ஒப்பிடுங்கள். கூடுதல் பட்டை இருந்தால் அந்த வண்டி என்ன சுமந்தது என்று தெரிந்துவிடும். பட்டை தொங்கும் இடத்தில் சேஸிஸின் மேல் புது வெல்டிங்கோ, அந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்டோ இருந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் ஆர்.சி.யில் உள்ள காலி எடையும் எடைமேடையில் வருகிற காலி எடையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். கூண்டு கட்டியதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா என்பதும் அதில் தெரியும்.

சரி, பொங்கலுக்கு முந்தின வாரம் கரும்பு, வருடத்தில் இரண்டொரு பெரிய சைட் ஆர்டர், இதையெல்லாம் என்ன செய்வது? அந்த நாட்களுக்கு 407 வாடகைக்குச் சொல்லிவிடுங்கள். சீசனில் கடைசி நேரத்தில் கிடைக்காது. பத்து நாள் முன்பே ஸ்டாண்டில் அட்வான்ஸ் கொடுத்து, ஏற்றுக்கூலி யார் தலையில், இறக்குக்கூலி யார் தலையில் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.